பாட்டியின் தஞ்சாவூர் படமும் ஏழடி சோபாவும்: எந்தச் சுவர், எவ்வளவு உயரம்?

மூன்றாம்மாடி_மீனா
பெரும்பாக்கத்தில் புது அபார்ட்மெண்ட். குடிவந்து நாலு மாதம் ஆகிறது, ஹாலில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. தப்பான இடத்தில் துளை போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

பாட்டி கொடுத்த தஞ்சாவூர் படம் ஒன்று இருக்கிறது, வெண்ணெய்க் கிருஷ்ணன். தேக்குச் சட்டத்தோடு அளந்தால் அகலம் 18 அங்குலம், உயரம் 22. அதை ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டவேண்டும் என்பது என் ஆசை. சோபா ஏழடி நீளம், அதன் முதுகு தரையிலிருந்து 33 அங்குலம். மேல்தளம் ஒன்பதரை அடி உயரம்.

நேற்று கணவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி இருந்தது. மாமியார் சாமி படம் தலைக்கு மேலேதான் இருக்கவேண்டும், மேல்தளத்தை ஒட்டி மாட்டு என்கிறார். கணவரோ சந்தடி சாக்கில் ஐந்து துண்டாக வரும் ஏழு குதிரைப் படத்தை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வாடகைவாசி
குதிரை வருவதற்குள் ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள் அக்கா. மற்றதை அப்புறம் பேசலாம்.

கும்பகோணம்_பிரேம்கடை
அப்பா காலத்திலிருந்து படத்துக்குச் சட்டம் போடுகிற தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் செய்யும் தப்பு இரண்டுதான். படத்தைச் சின்னதாக வாங்குவார்கள், உயரத்தில் மாட்டுவார்கள். உங்கள் வீட்டில் இரண்டையும் செய்யப் பார்க்கிறீர்கள்.

முதலில் அகலம். சோபா, கட்டில், தாழ்வான நீள அலமாரி மாதிரி நீளமான சாமானுக்கு மேலே ஒரு படம் என்றால் அந்தச் சாமானின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கவேண்டும், முக்கால் பங்கு வரை போகலாம். ஏழடி என்பது 84 அங்குலம். அப்படியானால் 56 முதல் 63 அங்குலம். உங்கள் கிருஷ்ணன் 18. கணக்கே சொல்லிவிடுகிறது, இது சோபாவுக்கான படம் இல்லை. படத்தின் மேல் குற்றமில்லை, இடம் வேறு.

அப்புறம் உயரம். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் இருக்கும்படி மாட்டுவது கண்காட்சிக் கூடங்களில் பரவலான வழக்கம். சிலர் 60 வைப்பார்கள். நின்று பார்க்கிறவரின் கண் மட்டம் அது. ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்குக் கண் 55, 56 அங்குலத்தில்தான் இருக்கும் என்பதால் நம் வீடுகளுக்கு 57ஐத் தாண்டவேண்டிய அவசியமே இல்லை. இந்த அளவு படத்தின் நடுவுக்கு, ஆணிக்கு இல்லை. இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேவகோட்டையான்
பாய், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஐயா, ஆயா படமெல்லாம் நிலைப்படிக்கும் மேலே, பத்தடி உயரத்தில் வரிசையாக இருக்கும். பழைய ரவிவர்மா அச்சுப் படம் இரண்டும் அங்கேதான். 1894ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த வகை. யாரும் அவற்றை உயரம் அதிகம் என்று சொன்னதில்லை. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

கும்பகோணம்_பிரேம்கடை
நல்ல கேள்வி. அந்தப் படங்கள் எப்படித் தொங்குகின்றன என்று நினைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும், தலைப்பக்கம் முன்னால் சாய்ந்து கீழே நம்மைப் பார்க்கும். பின்னால் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டியிருப்பார்கள். கீழே நிற்பவரின் பார்வை படத்துக்கு நேராக விழும், முற்றத்து வெளிச்சமும் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிக்காது. உயரமான கூரை, பாதி நேரம் நடமாட்டம், பாதி நேரம் தரையில் உட்காருவது என்று இருந்த வீட்டுக்கு அது சரியான ஏற்பாடு. ஒன்பதரை அடி அபார்ட்மெண்டில் சாய்வு இல்லாமல் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கழுத்து வலிதான் மிச்சம்.

தேவகோட்டையான்
அட! சின்ன வயதில் அந்தச் சாய்வைப் பார்த்து, விழுந்துவிடுமோ என்று அதன் கீழே படுக்கமாட்டேன். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

அட்சயா72
மாமியார் சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். சாமி படத்துக்கு முதுகு காட்டி எல்லாரும் சோபாவில் உட்காருவதா? காலை நீட்டிப் படுத்தால் தலைமாட்டில் கிருஷ்ணன். எங்கள் வீட்டில் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. குதிரைப் படத்துக்குக் கிழக்கு நல்லது என்பார்கள்.

வாடகைவாசி
குதிரைக்குத் திசை பார்த்தாயிற்று, கொள்ளுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மூன்றாம்மாடி_மீனா
முதுகு காட்டுவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது, அட்சயா அக்கா. ஆனால் பாய் சொன்ன கணக்கில் ஒரு சிக்கல். சோபாவுக்கு மேலே எவ்வளவு இடைவெளி விடவேண்டும்? ஆறேழு அங்குலம் என்று படித்தேன். 33உடன் 7 கூட்டினால் படத்தின் அடி 40ல் வருகிறது. 22 அங்குல உயரப் படத்துக்கு நடுப்புள்ளி 51. நீங்கள் 57 என்கிறீர்கள். 57க்கு ஏற்றினால் சோபாவுக்கும் படத்துக்கும் நடுவே 13 அங்குலம் வெறும் சுவர். எது சரி?

கும்பகோணம்_பிரேம்கடை
அளவுநாடாவோடு உட்கார்ந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, சந்தோஷம்.

கீழே சாமான் இருந்தால் சாமானுக்குத்தான் முதல் மரியாதை. ஆறு முதல் எட்டு அங்குல இடைவெளி இருந்தால் சோபாவும் படமும் ஒரே குடும்பமாகத் தெரியும். 13 அங்குலம் போனால் படம் தனியாக மிதக்கும். 57 என்பது கீழே ஒன்றுமில்லாத சுவருக்கு. ஆனால் சோபாவுக்கேற்ற பெரிய படமாக இருந்தால் இந்தச் சண்டையே வராது. 36 அங்குல உயரப் படத்தின் அடியை 40ல் வைத்துப் பாருங்கள், நடுப்புள்ளி 58. இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அளவு சரியாக இருந்தால் உயரம் தானாகச் சரியாகிவிடும்.

ஓஎம்ஆர்_கார்த்தி
18 அங்குலத்தில் இன்னும் இரண்டு படம் வாங்கி, கிருஷ்ணனை நடுவில் வைத்து வரிசையாக மாட்டினால்? மூன்று 18, நடுவில் மும்மூன்று அங்குல இடைவெளி. மொத்தம் 60. கணக்கு சரியாக வருகிறது.

கும்பகோணம்_பிரேம்கடை
கணக்கு வரும் தம்பி, கண்ணுக்கு வராது. தஞ்சாவூர் படத்தில் தங்கரேக்கும் கல்லும் சுண்ணமாவுப் புடைப்பும் இருக்கின்றன. பக்கத்தில் குடும்ப போட்டோவோ வாட்டர்கலரோ வைத்தால் அவை வெளுத்துப் போனதுபோல் தெரியும். மூன்றையும் தஞ்சாவூர் படமாகவே வாங்கினால் ஹால் நகைக்கடை ஆகிவிடும். அது தனியாக இருக்கவேண்டிய படம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அரையிருட்டான பூஜை அறையில் தங்கம் மினுங்குவதற்காகவே வளர்ந்த கலை. வெள்ளை எல்இடியில் சோபாவுக்கு மேலே அதற்கு வேலை இல்லை.

சாதாரண போட்டோக்களை வரிசையாகவோ கூட்டமாகவோ மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இடைவெளி எல்லா இடத்திலும் இரண்டு, மூன்று அங்குலம் என்று ஒரே மாதிரி இருக்கட்டும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாக நினைத்து அதன் நடுவை 57க்குக் கொண்டுவாருங்கள்.

வாடகைவாசி
ஆன்லைனில் படம் வாங்குகிறவர்கள் அளவை எண்ணாகப் படிக்காதீர்கள். 12க்கு 18 என்று போட்டிருந்தார்கள், கடைப் படத்தில் கட்டிலையே அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்ததும் தபால்தலை. இப்போது செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு ஒட்டி, வெட்டி, பெயிண்டர் டேப்பால் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் விட்டுவிடுகிறேன். காபி குடிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வாசலில் நுழையும்போது கண் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். செல்லோ டேப் வேண்டாம், பெயிண்டோடு உரிந்து வரும்.

என் போன்ற வாடகைக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். ஒட்டும் பட்டைகளை நம்பிக் கனமான படம் மாட்டாதீர்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பட்டை பிடித்துக்கொள்ளும், டிஸ்டெம்பர்தான் சுவரைப் பிடித்துக்கொள்ளாது. அதிகாலை மூன்று மணிக்கு விழுந்தது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

ரொறன்ரோ_குமரன்
இஞ்ச எங்கட வீடுகளில் சுவர் எண்டு சொல்லுறதே மரச்சட்டத்தில அடிச்ச ஜிப்சம் பலகைதான். உள்ள மரம் 16 அங்குலத்துக்கு ஒண்டு நிக்கும். அதைத் தேடிப்பிடிச்சு ஆணி அடிச்சால் படம் நிக்கும், இல்லாட்டி ஓட்டைதான் மிச்சம். மரம் இருக்கிற இடமும் படம் வரவேண்டிய இடமும் ஒருநாளும் ஒத்துப்போகாது. உங்கட செங்கல் சுவருக்கு ஏங்குறன்.

சைட்_இன்ஜினியர்
குமரன் அண்ணா, ஏங்கவேண்டாம். இப்போது இங்கே செங்கல் எங்கே இருக்கிறது? மீனா, உங்கள் சுவர் என்ன என்று தெரியுமா? தெரியாவிட்டால் கட்டிலுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் சின்னத் துளை போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் கலந்த வெள்ளை மாவாக, வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் ஏஏசி பிளாக், காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமெண்ட் கல். டிரில் முனை கத்திக்கொண்டு நகரவே மறுத்தால் கான்கிரீட். அலுமினிய அச்சுப் பலகை வைத்துக் கான்கிரீட் ஊற்றிக் கட்டிய அடுக்குமாடிகளில் உள்சுவர்கூடக் கான்கிரீட்டாகத்தான் இருக்கும்.

ஏஏசி என்றால் டிரில்லில் ஹேமர் மோடை, அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் வசதியை, போடவே கூடாது. உள்ளே நொறுங்கித் துளை அகன்றுவிடும். அதற்கென்றே வரும் நீள நைலான் பிளக் வாங்குங்கள். சாதாரண ஆணி பூச்சில் மட்டுமே நிற்கும். பூச்சின் கனம் அரை அங்குலம் சொச்சம். போட்டோ காலண்டர் தொங்கும், தேக்குச் சட்டம் தொங்காது. கான்கிரீட்டுக்கு நேர்மாறு, ஹேமர் இல்லாமல் வேலை நடக்காது.

ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். ஒயர் போகும் குழாய் பெரும்பாலும் செங்குத்தாகத்தான் வரும். சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள், குளியலறை என்றால் தள்ளியே நில்லுங்கள். என் சொந்த வீட்டிலேயே, நான் சிவில் படித்தவன், டவல் கம்பிக்குத் துளை போட்டுச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். மனைவி இன்றுவரை எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டுகிறாள்.

மூன்றாம்மாடி_மீனா
ஷூ ரேக்குக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். வெள்ளை மாவு. ஏஏசிதான்.

படத்தின் எடையும் பார்த்தேன். எடை பார்க்கும் மெஷினில் படத்தோடு ஏறி நின்று என் எடையைக் கழித்தால் 5.8 கிலோ. என் எடையைப் பார்த்ததுதான் அதிர்ச்சி.

கிருஷ்ணனுக்கு வேறு இடம் யோசிக்கிறேன். வாசலில் நுழைந்ததும் ஒரு நடை, அதன் முடிவில் பூஜை அலமாரி. நடையின் இடதுபக்கம் மூன்றடி அகலத்தில் ஒரு துண்டுச் சுவர் காலியாக இருக்கிறது. அலமாரிக்கு நேர் மேலேயே மாட்டலாம் என்கிறார் மாமியார்.

கும்பகோணம்_பிரேம்கடை
விளக்குக்கு மேலே வேண்டவே வேண்டாம். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கண்ணாடியில் படியும், சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளேயும் போகும். பத்து வருடத்தில் கிருஷ்ணன் காளியாகிவிடுவான். துண்டுச் சுவர் அருமை. 36 அங்குலச் சுவரில் 18 அங்குலப் படம், பாதி. நாலு பக்கமும் மூச்சு விட இடம் இருக்கும். சின்னப் படத்துக்குச் சின்னச் சுவர்தான் மரியாதை.

சைட்_இன்ஜினியர்
அந்தத் துண்டுச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

மூன்றாம்மாடி_மீனா
ஐயோ. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். காமன் பாத்ரூம். ஷவர் இருக்கும் சுவர்.

கும்பகோணம்_பிரேம்கடை
அப்படியானால் குழாய் ஒருபக்கம் இருக்கட்டும், ஈரமே ஆகாது. தஞ்சாவூர் படம் பலகையில் துணி ஒட்டி அதன்மேல் சுண்ணமாவும் பசையும் ஏற்றிச் செய்வது. ஈரம் ஏறினால் பலகை முறுக்கும், புடைப்பு விரியும், கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை வரும். உங்கள் பாட்டி படத்தில் கண்ணாடி கல்லைத் தொடாமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் கீழ்மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டிவிடுங்கள். பின்னால் காற்று ஓடும், ராமபாணப் பூச்சி குடியேறாது.

மூன்றாம்மாடி_மீனா
எதிர்ச்சுவரும் அதே அகலம்தான். அதன் பின்னால் எங்கள் படுக்கையறை அலமாரி. ஸ்விட்ச்போர்டும் இல்லை. ஏன் இதை முதலில் யோசிக்கவில்லை என்றால், அங்கே மாமியாரின் நாற்காலி கிடக்கிறது.

இனி சோபாச் சுவருக்கு என்ன செய்வது? 56 அங்குலத்தில் ஓவியம் வாங்க எனக்கு வசதி இல்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போன வாரம் போய் வந்தோம். பார்த்தோம், ரசித்தோம், விலையைப் படித்தோம், பஸ் ஏறினோம்.

நூலிழை
பழைய பட்டுப் புடவை ஏதாவது இருக்கிறதா? பாட்டியுடையது, உடம்பு இற்றுப்போய் முந்தானை மட்டும் நன்றாக இருப்பது?

மூன்றாம்மாடி_மீனா
இருக்கிறது! அரக்கு நிறக் காஞ்சிபுரம். கட்ட முடியாது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. முந்தானை முழுசாக இருக்கிறது. எப்படித் தெரியும்?

நூலிழை
எல்லார் வீட்டுப் பீரோவிலும் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது.

புடவையின் அகலம் சுமார் 48 அங்குலம். முந்தானையை இரண்டு கரையும் இடமும் வலமுமாக வரும்படி விரித்து, 30 அங்குல உயரம் மட்டும் தெரியவிட்டு, சுற்றிலும் நாலு அங்குலம் வெற்றுத்துணி ஓரம் விட்டால் 56க்கு 38. சோபாவுக்கு மேலே 40ல் அடி வைத்தால் நடுப்புள்ளி 59. பாய் கேட்ட அகலம், கிட்டத்தட்ட அவர் சொன்ன உயரம், இரண்டும் வந்துவிட்டன.

சில எச்சரிக்கைகள். பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் புடவையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பருத்தித்துணி போர்த்திய பலகையில் ஓரம் முழுக்கக் கைத்தையலால் பிடிக்கவேண்டும், நடுவிலும் அங்கங்கே பட்டு நூலால் கண்ணுக்குத் தெரியாத தையல். இல்லாவிட்டால் சரிகையின் கனத்திலேயே நாளடைவில் தொங்கிவிடும். மடிப்புக்கோட்டை இஸ்திரி போட்டு அழுத்தாதீர்கள், பழைய பட்டு அங்கேதான் முறியும். விரித்த வாக்கில் சில நாள் விட்டுவிடுங்கள். உங்கள் பால்கனி எந்தத் திசை? நேர் வெயில் விழுந்தால் இந்த யோசனையே வேண்டாம், அரக்கு நிறம் வெளுத்துவிடும்.

மூன்றாம்மாடி_மீனா
வடக்கு. நேர் வெயில் ஹாலுக்குள் வருவதில்லை. ஆனால் சோபாச் சுவர் பால்கனிக்கு நேர் எதிரே.

கும்பகோணம்_பிரேம்கடை
அப்படியானால் முந்தானைக்கு மேலே போடும் கண்ணாடியில் பகலில் பால்கனியின் பிம்பம் விழும். மெல்லிய திரை போட்டால் பாதி குறையும். கண்ணாடிக்குப் பதிலாகப் பளபளப்பில்லாத பிளாஸ்டிக் தகடான மேட் அக்ரிலிக் போட்டால் பிம்பத்தைக் குறைக்கும், சரிகையின் பளபளப்பையும் சேர்த்துக் குறைக்கும். எனக்கு அது பிடிக்காது.

ஆனால் அக்ரிலிக்தான் போடவேண்டும். 56க்கு 38 அளவில் நாலு மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 13 கிலோவுக்கு மேல் வரும். ஏஏசி சுவரில், மனிதர்கள் உட்காரும் தலைக்கு மேலே அது தேவையில்லாத வேலை. அதே கனத்தில் அக்ரிலிக் பாதி எடைதான். துணியை அது தொடாமல் உள்ளே கட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணனை மாட்டும்போது நடுவில் ஒரே ஆணி வேண்டாம், இரண்டு பக்கமும் இரண்டு கொக்கி. ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தால் ஆயுளுக்கும் கோணாது. கணக்கு: நடுப்புள்ளி 57, அதோடு படத்தின் பாதி உயரம் 11 கூட்டினால் 68. பின்னால் இருக்கும் வளையம் சட்டத்தின் தலையிலிருந்து எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து கழியுங்கள்.

அட்சயா72
மாமியாரின் நாற்காலி என்று சொன்னீர்களே, அது எதற்கு அங்கே?

மூன்றாம்மாடி_மீனா
சாயங்காலம் விளக்கேற்றியதும் அங்கே உட்கார்ந்துதான் சுலோகம் சொல்வார். முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது.

அட்சயா72
அப்படியானால் 57 யாருக்கு?

மூன்றாம்மாடி_மீனா
(மூன்று வாரம் கழித்து)

சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். புடவை தையலுக்குப் போய் நேற்றுதான் வந்தது.

அட்சயா அக்காவின் அந்தக் கேள்விக்குப் பிறகு நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு, செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அத்தையை உட்காரச் சொன்னேன். 57ல் வைத்தபோது நிமிர்ந்து பார்த்தார். 54, 52 என்று இறக்கிக்கொண்டே வந்தோம். தலைக்கு மேலேதான் வேண்டும் என்று சொன்னவர், 50 வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வளையம் தலையிலிருந்து ஐந்து அங்குலம் கீழே. 50, 11, கழித்தல் 5. கொக்கி 56ல். ஹேமர் இல்லாமல் துளை, நைலான் பிளக் இரண்டு. மேலே மஞ்சள் ஒளியில் சின்ன விளக்கு. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இல்லை, கொஞ்சம் மேலே. அதுதான் அவருக்கு வேண்டியதாம். நின்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தாழ்வாகத்தான் படுகிறது. பரவாயில்லை, நான் அங்கே நிற்பது செருப்பு மாட்டும் நேரம்தான்.

முந்தானை சோபாவுக்கு மேலே ஏறிவிட்டது. பால்கனி பிம்பம் பகலில் தெரியத்தான் செய்கிறது, ராத்திரி சரிகை மட்டும்தான். கிழிசலை மறைக்க ஓரத்தை இன்னும் உள்ளே தள்ளலாம் என்றார் தையல்காரம்மா. ஒரு மூலையில் மட்டும் மறைக்காமல் விடச் சொன்னேன்.

வாடகைவாசி
குதிரை?

மூன்றாம்மாடி_மீனா
வந்துவிட்டது. ஐந்து துண்டில் ஒன்று தலைகீழாகப் பிரிண்ட் ஆகியிருக்கிறது. திருப்பி அனுப்ப மனமில்லாமல் அவர் ஆபீஸ் அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறார், கேமராவில் தெரியாத சுவரில். ஆணி எந்த உயரம் என்று கேட்டார். 57 நடுப்புள்ளிக்கு, ஆணிக்கு இல்லை என்றேன்.